டம்ளரில் பால் குடிக்காத குழந்தைக்கு எவ்வளவு பால், எந்த வடிவில்?

கேள்வி சுருக்கமாக: காரைக்குடியில் கூட்டுக் குடும்பம். பையனுக்கு 20 மாதம், தாய்ப்பால் நிறுத்தியாயிற்று. பால் டம்ளரைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்கிறான். தயிர்சாதம் மட்டும் சில நாள் இறங்குகிறது. காலையும் இரவும் ஒரு டம்ளர் பால் உள்ளே போயே ஆகவேண்டும், மூக்கைப் பிடித்தாவது ஊற்று என்கிறார் அப்பத்தா. உண்மையில் எவ்வளவு தேவை, குடிக்காவிட்டால் என்ன செய்வது?

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம், பாதிக் கவலை அங்கேயே தீரும். 1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்) ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரை. பசும்பால் 100 மி.லி.யில் சுமார் 120 மி.கி. கால்சியம் இருக்கிறது. அப்படியானால் 300 முதல் 400 மி.லி. பாலே போதும், மீதியை மற்ற சாப்பாடு கொடுத்துவிடும். இந்த 400 மி.லி.யும் டம்ளரில் குடித்துத்தான் உள்ளே போகவேண்டும் என்பதில்லை. தயிர், பன்னீர், கூழில் ஊற்றிய பால், இடியாப்பத்தில் ஊறிய பால் எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

வீட்டில் புழங்கும் டம்ளர்களின் கொள்ளளவு ஒன்றுக்கொன்று ஏகத்துக்கு மாறும். இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடியால் தண்ணீரை ஊற்றி, உங்கள் டம்ளரும் அவன் கிண்ணமும் எத்தனை மி.லி. பிடிக்கின்றன என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்பத்தா சொல்லும் 'ஒரு டம்ளர்' 200 மி.லி.க்கு மேலிருந்தால் இரண்டு வேளைக்கே 400 தாண்டிவிடும், தயிர் தனி. குழந்தை மறுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது: அவன் வயிறு அவ்வளவு பெரிதல்ல.

மேல்வரம்பு இதைவிட முக்கியம். பாலும் பால் பொருளும் சேர்த்து 500 மி.லி. தாண்டவே வேண்டாம். பசும்பாலில் இரும்புச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அதன் கால்சியம், கூடவே சாப்பிட்ட சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதையும் குறைக்கும். போதாக்குறைக்குப் பால் வயிற்றை நிரப்பிவிடும், பிள்ளை சோற்றைத் தொடாது. நாளுக்கு ஏழெட்டு நூறு மி.லி. பால் குடித்து, கன்னம் உப்பி, பார்க்கப் புஷ்டியாக இருக்கிற பிள்ளைக்கு ரத்தசோகை இருப்பது இப்படித்தான். கண் இமையின் உட்புறம் வெளிறியிருப்பது, மண், சாம்பல், சுவர்க் காரை தின்பது எல்லாம் ரத்தசோகையின் அடையாளங்கள், மலம் கட்டிப்போவது பால் கூடிப்போனதன் அடையாளம். பால் குடிக்காத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் வீடுகள், பாலையே குடித்துச் சோற்றை மறுக்கும் பிள்ளையையும் அதே அக்கறையோடு பார்க்கவேண்டும்.

மூக்கைப் பிடித்து ஊற்றுவது கூடவே கூடாது. புரையேறிப் பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். அழும் பிள்ளையைப் படுக்கவைத்துச் சங்கில் புகட்டுவதும் அதே ஆபத்துத்தான். அதோடு, பால் என்றாலே பயம் என்று ஆகிவிட்டால் பிறகு தயிரையும் மறுப்பான், இப்போது இறங்கும் தயிர்சாதமும் போய்விடும்.

டம்ளரை ஏன் மறுக்கிறான் என்று பாருங்கள். பல பிள்ளைகளுக்குக் காரணம் ஆடைதான். காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிற ஆடை உதட்டில் ஒட்டியதும் குமட்டும். வடிகட்டிக் கொடுங்கள், ஆற்றி நுரை வரச் செய்து கொடுங்கள். அடுத்தது சூடு: பெரியவர்கள் குடிக்கும் சூடு குழந்தைக்குச் சுடும், உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் இளஞ்சூடு தெரிந்தால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் குளிரக் குளிரப் பாலை விரும்பும் பிள்ளைகளும் உண்டு. காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்த பாலைக் கொடுத்தால் சளி பிடிக்காது. சளி கிருமியால் வருவது. மூன்றாவது, நேரம். தூங்கி எழுந்ததும் பால், அரை மணியில் இட்லி என்றால் இரண்டில் ஒன்று தோற்கும். சாப்பாடு முடிந்த பிறகு, அல்லது இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள்.

கொடுக்கும் விதம்: 60 மி.லி. மட்டும் பிடிக்கிற சின்ன டம்ளர், அவன் கையாலேயே பிடிக்கட்டும். நாளுக்கு இரண்டு முறை வையுங்கள், பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கட்டும். குடித்தால் சரி, இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். "ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சவும் வேண்டாம், குடித்ததற்குக் கைதட்டவும் வேண்டாம். அவன் பார்க்க நீங்கள் உங்கள் டம்ளரில் குடியுங்கள். ஒரு புதுச் சுவையைப் பிள்ளை ஏற்க எட்டு முதல் பதினைந்து முறை வரை ஆகலாம். இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு 'பிடிக்கவில்லை' என்று முடிவுகட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது.

பாட்டிலில் மட்டும் குடிக்கிறான் என்பதற்காகப் பாட்டிலுக்குத் திரும்பாதீர்கள். ஒன்றரை வயதுக்குள் பாட்டில் போய்விடவேண்டும். பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கினால் பாலில் உள்ள சர்க்கரை பல்லிலேயே தங்கி முன்பற்கள் சொத்தையாகும். ராத்திரி கடைசிப் பாலுக்குப் பிறகு பல் துலக்கிவிடுங்கள்.

இனி தயிர். உங்கள் பையன் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட வழி இதுதான், உழைப்பை இங்கே போடுங்கள். தயிரில் பாலில் உள்ள அதே அளவு கால்சியம் இருக்கிறது, செரிப்பதும் எளிது. சில நாள் இறங்குகிறது, சில நாள் இறங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் புளிப்பு. செட்டிநாட்டு வெயிலில் தயிர் நான்கைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். அதற்குமேல் வெளியே இருக்கும் ஒவ்வொரு மணியும் புளிப்பைக் கூட்டும். இரவு பத்து மணிக்கு உறை ஊற்றிக் காலை ஏழு மணிக்கு எடுத்தால் பெரியவர்களுக்குச் சரி, பிள்ளைக்குப் புளிக்கும். அவனுக்கென்று 250 மி.லி. பாலைத் தனிக் கிண்ணத்தில் காலை ஆறரைக்கு உறை ஊற்றுங்கள். காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கோடையில் கால் தேக்கரண்டித் தயிர் போதும், மார்கழியில் முக்கால் தேக்கரண்டி. பதினொன்றுக்குக் கிண்ணத்தைச் சாய்த்துப் பாருங்கள், ஓரம் விட்டு நகர்ந்தால் உடனே குளிர்பெட்டிக்குள். சூடு மிகுந்த பாலில் உறை ஊற்றினால் நூல் நூலாகத் திரிந்து நீர் விடும். ஆறிப்போன பாலில் ஊற்றினால் தோயத் தாமதமாகி வழவழப்பாகும். உறைக்கு எடுக்கும் தயிரும் புளிக்காததாக இருக்கவேண்டும்.

தயிர்சாதத்திலும் ஒரு முறை உண்டு. மூன்று மேசைக்கரண்டிச் சோற்றைச் சூடாக இருக்கும்போதே 50 மி.லி. பால் விட்டு மசித்துவிடுங்கள். நன்றாக ஆறிய பிறகு 50 மி.லி. தயிர். சுடுசோற்றில் தயிரை விட்டால் திரிந்து மணல் மாதிரி நாக்கில் தட்டும், பிள்ளை துப்பிவிடும். கடுகு, மிளகாய், இஞ்சித் துண்டு எதுவும் வேண்டாம், துளி உப்பும் சிட்டிகைப் பெருங்காயமும் போதும். இந்த ஒரு கிண்ணத்தில் 120 மி.கி. கால்சியம் போய்விட்டது, டம்ளரே இல்லாமல்.

கெட்டித் தயிர் வேண்டுமானால் மெல்லிய துணியில் கட்டி ஒன்றரை மணி நேரம் தொங்கவிட்டு, பழுத்த வாழைப்பழம் பிசைந்து கொடுக்கலாம். ஆனால் வடியும் தெளிநீரில் கால்சியத்தில் ஒரு பங்கு போய்விடும். அதைக் கொட்டாமல் சப்பாத்தி மாவு பிசையவோ பருப்பில் விடவோ பயன்படுத்துங்கள். மோர் வேறு விஷயம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் என்றால் 100 மி.லி. மோரில் 30 மி.கி. கால்சியம்தான். வெயிலுக்கு நல்லது, பால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

தேங்காய்ப்பாலையும் அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பால் கொழுக்கட்டை, பால் பணியாரம், இடியாப்பத்துக்கு ஊற்றும் பால் எல்லாம் பல வீடுகளில் தேங்காய்ப்பாலில்தான் செய்கிறார்கள். அதில் கொழுப்பும் சுவையும் உண்டு, கால்சியம் மிகமிகக் குறைவு. சுவை மாறாமல் இருக்கவேண்டும் என்றால் பாதி கெட்டித் தேங்காய்ப்பால், பாதி காய்ச்சிய பசும்பால் என்று கலந்து ஊற்றுங்கள். பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது.

பால் பணியாரத்துக்கு வழக்கம்போல் பச்சரிசியும் உளுந்தும் சம அளவு ஊறவைத்துக் கெட்டியாக அரைத்து, சுண்டைக்காய் அளவில் பொரித்தெடுங்கள். நேராகப் பாலில் போடாமல் முதலில் வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் எண்ணெயும் இறங்கும், உள்ளும் மெத்தென்று ஆகும். பிறகு இளஞ்சூடான பாலில் அரை மணி ஊறட்டும். கொதிக்கும் பாலில் போட்டால் கரைந்துபோகும், ஆறிய பாலில் போட்டால் உள்ளே ஊறாது. பிள்ளைக்கு ஐந்தாறு பணியாரம், 80 மி.லி. பால். முழுசாகக் கொடுக்காதீர்கள், உருண்டையாக வழுக்கும் எதுவும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். கரண்டியால் நசுக்கிக் கொடுங்கள். பால் கொழுக்கட்டைக்கும் இதே எச்சரிக்கை.

இனிப்பு: இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதையும் தினப்படி பழக்கமாக்க வேண்டாம். விதை நீக்கிய பேரீச்சை இரண்டை வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்த்தால் போதும், கொஞ்சம் ஏலக்காய். ஆடிக்கும்மாயம் (உளுந்து மாவில் கிண்டும் செட்டிநாட்டு இனிப்பு) மாதிரி கருப்பட்டி இல்லாமல் முடியாத பலகாரத்தில் சிறிது சேரட்டும், ஆனால் அதைப் பாலோடு கொதிக்கவிடாதீர்கள், திரிந்துபோகும். 20 கிராம் கும்மாய மாவை ஒரு தேக்கரண்டி நெய்யில் வறுத்து, 120 மி.லி. தண்ணீரும் வடிகட்டிய கருப்பட்டிப் பாகு இரண்டு தேக்கரண்டியும் விட்டுக் கட்டியில்லாமல் கிண்டி, பளபளவென்று சட்டியில் ஒட்டாமல் வந்ததும் இறக்கிவிடுங்கள். சூடு தணிந்த பிறகு 60 மி.லி. காய்ச்சிய பால் விட்டுக் கரைத்தால் திரியாது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுக்கும் இதே முறைதான். அதிலும் வெல்லம் இருப்பதால் தண்ணீரில் வேகவைத்து, இறக்கி ஆறியபின் பால் சேருங்கள்.

கவுனி அரிசி வீட்டில் இருந்தால், 30 கிராமை ராத்திரியே ஊறவைத்து, மறுநாள் நான்கு பங்குத் தண்ணீரில் ஏழெட்டு விசில் விட்டு வேகவையுங்கள். இந்த அரிசியின் தோல் கடினம், அரைகுறையாக வெந்தால் பிள்ளைக்குச் செரிக்காமல் அப்படியே மலத்தில் வரும். விரலால் நசுங்கும்படி வெந்ததும் மத்தால் மசித்து 100 மி.லி. பால், பேரீச்சை விழுது, அரைத் தேக்கரண்டி நெய்.

கேப்பை (கேழ்வரகு) கூழ் இந்தக் கணக்கில் பெரிய துணை. முளைகட்டி உலர்த்தித் திரித்த மாவு 15 கிராமில் சுமார் 50 மி.கி. கால்சியம். அதை 120 மி.லி. பாலில் காய்ச்சினால் கிண்ணத்தில் 190 மி.கி. தாண்டிவிடும். ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து 'கேப்பைப் பால்' மட்டும் எடுக்கும் பழக்கம் கைக்குழந்தைக்குச் சரி. கேப்பையின் கால்சியம் பெரும்பகுதி தோலில் இருப்பதால் 20 மாதத்தில் சக்கையைக் கொட்டுவது நஷ்டம். தோலோடு திரித்த, சலிக்காத மாவையே காய்ச்சுங்கள். முளைகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், கால்சியமும் இரும்பும் உடலில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் அதில் குறைகிறது.

பால் என்று தெரியாமல் சேர்க்க எளிய வழி பால் பவுடர். இனிப்பில்லாத முழுக்கொழுப்புப் பால் பவுடர் ஒரு மேசைக்கரண்டி, அதாவது எட்டு கிராம், 70 மி.கி. அளவு கால்சியம் தரும். குழிப்பணியாரத்துக்கு ஒரு கிண்ணம் இட்லி மாவில் இரண்டு மேசைக்கரண்டி கலந்து ஊற்றுங்கள். பாலின் சர்க்கரை சீக்கிரம் சிவந்துவிடும், ஆகவே அடுப்பு சிறு தீயில் இருக்கட்டும், இல்லையென்றால் வெளியே கருகி உள்ளே மாவாக நிற்கும். பன்னீரும் அப்படியே. 500 மி.லி. பால் கொதித்ததும் அடுப்பை அணைத்து ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு சிறிது சிறிதாக விட்டுத் திரித்தால் 80 கிராம் போல் கிடைக்கும். சாறு விட்டபின் கொதிக்கவிட்டால் ரப்பராகும். 30 கிராம் பன்னீரை உதிர்த்துத் தோசைமேல் தூவினால் 140 மி.கி. வரை கால்சியம்.

ஒரு நாளைக் கூட்டிப் பாருங்கள். காலை 120 மி.லி. பாலில் கேப்பைக் கூழ் (195 மி.கி. கால்சியம்), முற்பகல் பால் பவுடர் சேர்த்த பணியாரம் மூன்று (50), மதியம் பருப்புச் சாதம், முட்டை, கடைசியில் 60 மி.லி. தயிர் பிசைந்த சோறு (70), மாலை 100 மி.லி. பாலில் அடித்த வாழைப்பழம் (120), இரவு ஓர் இடியாப்பத்துக்கு 80 மி.லி. பால் (95). மொத்தம் 530 மி.கி. ஒரு வாய்கூடத் தனிப்பால் இல்லை. எல்லா நாளும் இப்படி அமையாது. ஒருநாள் 300 மி.கி., மறுநாள் 600 மி.கி. என்று போனாலும் வாரக் கணக்கில் சரியாகும். கோழி ஈரல், கறி, கீரை கொடுக்கிற வேளையில் மட்டும் தயிரையும் பாலையும் இரண்டு மணி தள்ளிவையுங்கள், எலுமிச்சை பிழிந்துவிடுங்கள். இரும்பு சேரட்டும்.

எந்தப் பால்? இரண்டு வயது வரை கொழுப்பு எடுக்காத பால். பாக்கெட் பால் என்றால் உறையில் கொழுப்புச் சதவீதம் அச்சிட்டிருக்கும். ஆவின் ஆரஞ்சு உறையில் 6, நீலத்தில் 3. கால்சியத்தில் பெரிய வித்தியாசமில்லை, எடை குறைந்த பிள்ளைக்குக் கொழுப்பு அதிகமுள்ளது உதவும். வைட்டமின் ஏ, டி சேர்த்த பாலில் 'பிளஸ் எஃப்' முத்திரை இருக்கும். வாசலில் பால்காரர் ஊற்றும் பாலானால் பொங்கிய பிறகும் இரண்டு மூன்று நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். பச்சைப்பால் கூடாது. ஒரு வயதுக்குப் பிறகு தண்ணீர் கலப்பதில் பலனில்லை, வயிறு நிரம்பும், சத்து குறையும். வெள்ளாட்டுப் பாலில் ஃபோலேட் என்ற வைட்டமின் மிகக் குறைவு, அதை மட்டுமே நம்பினால் வேறுவகை ரத்தசோகை வரும்.

கடையில் விற்கும் மால்ட் பவுடர்களைப் பால் குடிக்கவைக்கும் தந்திரமாகப் பயன்படுத்தவேண்டாம். அவற்றில் பலவற்றில் சர்க்கரைதான் முன்வரிசை. அது இல்லாத பாலைப் பிறகு தொடவே மாட்டான். தேநீர், காபி ஒரு சொட்டும் வேண்டாம்.

பால் பொருள் எதுவுமே இறங்காத வாரங்களும் வரும். அப்போது கேப்பை, முருங்கைக்கீரை, வறுத்துப் பொடித்த எள் (ஒரு தேக்கரண்டியில் 45 மி.கி. போல்), முள்ளோடு மென்மையாக வேகவைத்து மசித்த நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். கருவாட்டு நெத்திலி உப்பு மிகுந்தது, பச்சை நெத்திலியாக இருக்கட்டும். பாலக் கீரையில் கால்சியம் இருந்தாலும் ஆக்சலேட் அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

தயிர்சாதம் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்பதால் உங்கள் பையனுக்குப் பால் ஒவ்வாமை இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் பால் பட்டதும் உதடு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, இளைப்பு என்றால் அந்த நிமிடமே மருத்துவமனை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு எருமைப்பால், ஆட்டுப்பால் என்று மாற்றிப் பார்க்கக்கூடாது, அவற்றின் புரதமும் அதே வகை. வயிற்றுப்போக்குக்குப் பின் சில நாள் பால் ஒத்துக்கொள்ளாமல் மலம் நுரைத்துப் புளித்த வாடையோடு போகலாம். அது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் சரியாகும், அதுவரை தயிர் கொடுங்கள். மலத்தில் ரத்தம், தொடர்ந்து வாந்தி, அங்கன்வாடி அட்டையில் எடைக்கோடு இரண்டு மாதம் ஏறாமல் நிற்பது, கால் வளைந்து தெரிவது: இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டி ரத்த ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள். வைட்டமின் டி சொட்டு மருந்து எவ்வளவு என்பதையும் அப்போதே கேளுங்கள். பாலில் எவ்வளவு கால்சியம் போனாலும், அது குடலிலிருந்து உடலுக்குள் போக வைட்டமின் டி வேண்டும்.